பதினெட்டாவது அட்சக்கோட்டில் ஒரு தமிழ்ப் பையன்

வெளியூரில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கெல்லாம் பழகிப்போன தலைவலி ஒன்று உண்டு. லீவுக்கு ஊருக்குப் போனால் நம் பிள்ளைகள் "ஹைதராபாத் பசங்க". இங்கே திரும்பி வந்தால் "மதராசி". இரண்டு இடத்திலும் பெயர் வைப்பது மற்றவர்கள்தான். பிள்ளையை யாரும் கேட்பதில்லை.

ஏதோ ஐடி கம்பெனிகள் வந்த பிறகு முளைத்த சங்கடம் என்று நினைத்துவிடாதீர்கள். சிகந்தராபாத்தில் தமிழர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். 1798-ல் நிஜாமும் கிழக்கிந்தியக் கம்பெனியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கம்பெனிப் படை இங்கே நிரந்தரமாகத் தங்கியது. படை மதராஸிலிருந்து வந்தது. அதோடு சேர்ந்து நம்மவர்களும் வந்தார்கள். 1806-ல் கன்டோன்மென்ட்டுக்கு சிக்கந்தர் ஜா என்ற நிஜாமின் பெயரை வைத்தார்கள். 1874-ல் வாடியிலிருந்து ரயில் வந்தது. அப்புறம் ரயில்வே வேலைக்கென்று இன்னொரு கூட்டம்.

அப்படி ஒரு ரயில்வே குடும்பத்தில் 1931 செப்டம்பர் 22-ல் பிறந்தவர் தியாகராஜன். நமக்கெல்லாம் அசோகமித்திரன். 1977-ல் வந்த அவருடைய 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தேன். (சிகந்தராபாத் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. அட்லஸைத் தேட வேண்டாம், நான் பார்த்தாச்சு :-))

கதாநாயகன் சந்திரசேகரன் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன். கல்லூரிக்குப் போகிறான், கிரிக்கெட் பைத்தியம். அக்கம்பக்கத்தில் முஸ்லிம் குடும்பங்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். வீட்டில் தமிழ், தெருவில் வேறு பாஷை. நம் பிள்ளைகள் மாதிரியேதான். அவனுக்கு ஏங்குவதற்கென்று காவிரிக்கரையோ தென்னந்தோப்போ கிடையாது. சிகந்தராபாத்தான் ஊர்.

பதின்ம வயதுக் கதைகளுக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. பையனுக்கு அப்பாவோடு சண்டை, ஒரு காதல், கடைசியில் "நான் யார்" என்ற தெளிவு. இந்த நாவல் அந்த வழியில் போகவில்லை. சரித்திரம் போகவிடவில்லை.

1947-ல் ஹைதராபாத் சமஸ்தானத்தில் சுமார் 1.6 கோடி மக்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்துக்கள். ஆண்டவர் மீர் உஸ்மான் அலிகான். அவர் இந்தியாவோடு சேர மறுத்தார். 1947 நவம்பர் 29-ல் ஒரு வருஷத்துக்கு 'இருப்பது இருக்கட்டும்' என்று ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இன்னொரு பக்கம் காசிம் ரஸ்வியின் ரஜாக்கர்கள் கிராமங்களில் அட்டூழியம் செய்தார்கள். இந்துக் குடும்பங்கள் எல்லை தாண்டி ஓடின. வெளியிலிருந்து முஸ்லிம் அகதிகள் உள்ளே வந்தார்கள்.

அதுவரை 'நல்லா பேட் பண்ணுவான்' என்று மட்டும் அறியப்பட்ட பையன் திடீரென்று 'இந்து' ஆகிறான், 'இந்தியாக்காரன்' ஆகிறான். கூட விளையாடியவர்கள் 'அவர்கள்' ஆகிறார்கள். இதில் எதையும் அவன் தேர்ந்தெடுக்கவில்லை. நாவலில் கதை சொல்கிறவர் சில இடங்களில் "நான்" என்கிறார், சில இடங்களில் அதே ஆளை "சந்திரசேகரன்" என்கிறார். முதல் தடவை படித்தபோது ஏன் இப்படிக் குழப்புகிறார் என்று எரிச்சல் வந்தது. இப்போது தோன்றுவது: தான் பார்க்கும் தன்னையும் தெரு பார்க்கும் தன்னையும் இவ்வளவு சிக்கனமாகச் சொல்ல வேறு வழி ஏது?

1948 செப்டம்பர் 13-ல் இந்திய ராணுவம் நுழைந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் 'போலீஸ் நடவடிக்கை'. ஐந்தாம் நாள், 17-ஆம் தேதி, எல்லாம் முடிந்தது. அதற்கு அடுத்த ஐந்தாம் நாள் அசோகமித்திரனுக்குப் பதினேழு வயது நிறைந்தது.

பள்ளிக்கூடப் பாடம் இங்கே முடிந்துவிடும். அடுத்து நடந்தது பாடத்தில் இல்லை. ரஜாக்கர்கள் செய்ததற்குப் பழி, ஒன்றுமே செய்யாத முஸ்லிம் குடும்பங்கள் மேல் விழுந்தது. நேரு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, 27,000 முதல் 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று கணக்குச் சொன்னது. அந்த அறிக்கையைப் பல பத்தாண்டுகள் வெளியிடவே இல்லை. அது பூட்டிக் கிடந்த காலத்தில்தான் இந்தத் தமிழ் நாவல் வந்தது.

(இனி கதையின் முடிவு வருகிறது. படிக்கப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

கலவரத்துக்கு நடுவே சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அந்தக் குடும்பத்துக்கு அவன் ஒரு கல்லூரி மாணவன் இல்லை, கொல்ல வந்தவன். அவர்களைக் காப்பாற்ற அந்த வீட்டுச் சின்னப் பெண் தன் உடைகளைக் களைந்துவிட்டு அவன் முன்னால் நிற்கிறாள். அவன் அருவருப்பும் அவமானமுமாக அங்கிருந்து ஓடுகிறான். அந்தப் பெண்ணின் கண்ணுக்குத் தான் யாராகத் தெரிந்தோம் என்பது அவனுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. அவன் பெரியவனாவது அங்கேதான்.

என்னை உலுக்குவது இதுதான். கூட்டம் நமக்கு அடையாளத்தை இலவசமாகக் கொடுக்கும். வாங்கிக்கொண்டால் பாதுகாப்பு. ஆனால் அந்தப் பெயரில் யாரோ செய்ததற்கும் நம் முகம்தான் பொறுப்பு. "மதராசி" என்று யாராவது சொல்லிவிட்டால் நமக்குச் சுருக்கென்கிறது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நாம் வைக்கும் பெயர்களைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

அசோகமித்திரன் 1952-ல் சென்னைக்குப் போனார். 2017-ல் மறையும்வரை அங்கேதான் இருந்தார். இருந்தும் சிகந்தராபாத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார். எந்த ஊர்க்காரர் என்று அவரை யாராவது கேட்டிருந்தால், ஒற்றை வார்த்தையில் பதில் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் பெண் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதனால் நானே ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். கிரிக்கெட் பகுதிகளுக்கு இப்போதே சிரிப்பாள். கடைசி அத்தியாயத்துக்கு இன்னும் கொஞ்சம் வயசாகட்டும்.