அழித்தெழுத முடியாத ஓலை

பூதப்பாண்டியில் ஒருநாள் கரண்ட் போனபோது என் மழைமானியின் மூன்று மாதக் கணக்கும் போச்சு. ஃபிளாஷ் சில்லில் நான் போட்டிருந்தது ஃபேட். அது கோப்பு அட்டவணையை இருந்த இடத்திலேயே திருத்தும். பாதியில் மின்சாரம் நின்றால் அட்டவணையே குழம்பும்.

பக்கத்து அழகியபாண்டியபுரத்தில் கவிமணி தேடிப் படித்த முதலியார் ஓலைகளை நினைத்துப் பாருங்கள். கீறியதை அழிக்க முடியாது. மாற்றம் வந்தால் புது ஓலைதான். ஃபிளாஷும் ஏறக்குறைய அப்படித்தான்: ஒரு தொகுதியை மொத்தமாக அழிக்காமல் மேலெழுத முடியாது.

1999ல் ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் தந்த ஜேஎஃப்எஃப்எஸ் இதை ஏற்றுக்கொண்டது. புதியதை அடுத்த காலியிடத்தில் எழுதும்; பழையது அதுவரை பத்திரம். 2017ல் ஆர்ம் நிறுவனம் வெளியிட்ட லிட்டில்எஃப்எஸ் சின்ன மைக்ரோகன்ட்ரோலருக்கும் அந்தப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது.

இப்போ அதைத்தான் போட்டிருக்கேன். வேணும்னே எழுதும்போது பிளக்கைப் பிடுங்கினேன். கடைசி வரி போச்சு. பழைய கணக்கு நின்னுச்சு.