வாங்குறவங்களைத் தேடிப் போன வரலாறு



மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தரணும் என்று சொன்னபோது, சேமிப்பைப் பற்றியும் கடனைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் விற்பனையைப் பற்றி எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம சத்தியமங்கலம் பக்கத்தில் கத்தரி நடத் தெரியாத, கீரை விதைக்கத் தெரியாத பெண் கிடையாது. விளைய வைப்பதில் நமக்குப் பயமில்லை. விளைஞ்சதை யார்கிட்டக் கொடுக்கறது, என்ன விலைக்குக் கொடுக்கறது என்பதில்தான் காலங்காலமாகச் சிக்கல். நமக்கு முன்னால் இருந்தவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று தெரிந்துகொண்டால், இனி நாம் என்ன செய்யலாம் என்பதும் விளங்கும்.

வாரச்சந்தைக் காலம்

என் மாமியாரைக் கேட்டால் புளியம்பட்டிச் சந்தையில்தான் கதையை ஆரம்பிப்பார். புன்செய் புளியம்பட்டியில் வியாழக்கிழமை கூடும் சந்தை இன்றைக்கும் தமிழ்நாட்டின் பெரிய மாட்டுச் சந்தைகளில் ஒன்று. மாடு மட்டுமா? ஆடு, கோழி, தானியம், காய், கயிறு, கூடை, முறம் எல்லாம் வரும். அந்தக் காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு விடிவதற்குள் போய்விடுவார்களாம். வெண்ணெயும் முட்டையும் விற்ற காசு பெண்களுக்கு. மாடு விற்ற காசு ஆண்களுக்கு. மாட்டு வியாபாரத்தில் துண்டைப் போட்டு மறைத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வெண்ணெய் விற்ற பெண்கள் அப்படியில்லை, வாயால் சொல்லித்தான் விற்றார்கள். வாங்குகிறவர் யார், எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அடுத்த வாரம் வெண்ணெய் வேணும் என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு எடுத்து வைத்திருப்பார்களாம். இன்றைக்கு "வாடிக்கையாளர்" என்று பயிற்சியில் பெரிதாகச் சொல்கிறோமே, அதை என் மாமியார் "நம்ம வாடிக்கை" என்று ரெண்டே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவார்.

வாய்க்கால் வந்தது, மண்டியும் வந்தது

1955-ல் பவானிசாகர் அணை கட்டி முடிந்தது. கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சம் ஏக்கருக்கு மேல் தண்ணீர் கொடுத்தது. மானாவாரியாகக் கம்பும் சோளமும் விளைந்த பூமியில் நெல், கரும்பு, மஞ்சள், வாழை வந்தன. குடும்பங்கள் நிமிர்ந்தன. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் விளைச்சல் கூடக்கூட, அதைச் சந்தையில் உட்கார்ந்து படி போட்டு விற்க முடியவில்லை. மொத்தமாக எடுக்க ஆள் தேவைப்பட்டது. கமிஷன் மண்டி வந்தது. மண்டிக்காரர் அவசரத்துக்கு முன்பணம் கொடுப்பார், கல்யாணத்துக்குக் கொடுப்பார், ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பார். அந்த உதவியையும் மறக்கக்கூடாது. ஆனால் முன்பணம் வாங்கின கைக்கு விலை பேசுகிற வாய் இருக்காது. கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடைக்கழிவு எல்லாம் போக வருவதுதான் நம் பணம். எல்லாவற்றையும் விட, நாம் விளைவித்த காயை யார் சாப்பிட்டார்கள் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விட்டது. வாடிக்கை அறுந்தது அங்கேதான்.

உழவர் சந்தை

இந்த வருத்தம் நமக்கு மட்டும் இல்லை. பஞ்சாபில் 1987-லேயே விவசாயிகள் நேராக விற்கும் சந்தையை ஆரம்பித்தார்கள். "அப்னி மண்டி" என்று பெயர். நம்ம சந்தை என்று அர்த்தம். ஆந்திராவில் 1999 ஜனவரியில் "ரைத்து பஜார்" திறந்தார்கள். அதே வருடம் நவம்பர் 14-ம் தேதி, அன்றைய முதல்வர் கலைஞர் கருணாநிதி மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையைத் திறந்து வைத்தார். ஒரே வருடத்தில் நூறு சந்தைகள் என்ற அளவுக்கு வேகமாகப் பரவியது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

அதன் ஏற்பாட்டைக் கவனியுங்கள். நிலக் கணக்கைச் சரிபார்த்து விவசாயிக்குப் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை. கடைக்கு வாடகை கிடையாது. தராசு சந்தையிலேயே கொடுப்பார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் மொத்த விலையைப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் கூட்டி, கடை விலையைவிடக் கொஞ்சம் குறைத்து, பலகையில் எழுதிப் போடுவார்கள். விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். நடுவில் போன பணத்தை ரெண்டு பேரும் பிரித்துக்கொண்ட மாதிரி. காய் மூட்டையோடு வருகிறவர்களுக்காக விடிகாலையில் பஸ் விட்டார்கள். நம்ம ஈரோடு மாவட்டத்தில் சத்தியிலும் தாளவாடியிலும் கோபியிலும் பெருந்துறையிலும் ஈரோட்டிலும் உழவர் சந்தை நடக்கிறது.

2001-ல் ஆட்சி மாறியபோது பல ஊர்களில் சந்தை மங்கிப்போனது. 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. சந்தையை அரசாங்கம் கட்டித் தரலாம், மேற்கூரை போட்டுத் தரலாம். ஆனால் வாங்குகிறவர் நம் கடையைத் தேடி வருவது நம் முகத்துக்கும் நம் எடைக்கும்தான். வாடிக்கை பிடித்து வைத்திருந்த கடைக்காரர்கள் எந்த ஆட்சியிலும் தாக்குப்பிடித்தார்கள்.

நம் குழுக்களின் கதை

இன்னொரு பக்கம் நம் கதை நடந்துகொண்டிருந்தது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் ஐ.நா. சபையைச் சேர்ந்த வேளாண் நிதி அமைப்பின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1997-ல் மகளிர் திட்டம் வந்தது. அதன்பிறகு ஊர் ஊராக நாம் சேர்ந்தோம், ஊராட்சி அளவில் கூட்டமைப்பு ஆனோம்.

சேமிப்பும் உள்கடனும் நமக்குப் பழகிவிட்டது. ஆனால் குழு என்பது ஒரு வாடிக்கைப் பட்டியல் என்று நமக்கு ரொம்ப நாள் தோன்றவில்லை. ஜப்பானில் அது 1965-லேயே தோன்றியிருக்கிறது. டோக்கியோ நகரத்தில் சுமார் 200 பெண்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் வீடுகளுக்கு வேண்டிய பாலை மொத்தமாக நேரே வாங்க ஆரம்பித்தார்கள். அதுவே வளர்ந்து பெரிய கூட்டுறவு ஆனது. பிறகு 1970-களில் அங்கே நகரத்துக் குடும்பங்களும் பக்கத்து விவசாயிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். விளைகிறதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், மருந்தடிக்காமல் கொடுங்கள் என்று. களை எடுக்கிற நாளில் வாங்குகிறவர்களே தோட்டத்துக்கு வந்து கை கொடுத்தார்களாம். அதற்கு "தெய்கெய்" என்று பெயர். அவர்களும் நம்மைப் போல அடுப்படியில் நின்ற பெண்கள்தான்.

2020-ல் நாங்கள் கற்றது

எங்களுக்கு ஒண்ணேகால் ஏக்கர், கிணற்றுப் பாசனம். பாதியில் மல்லிகை, மீதியில் காய். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்கள். கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, பூ மார்க்கெட் இல்லை. நம்ம பக்கம் மல்லிகை வைத்திருந்த எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கும். பறிக்காமல் விட்டால் செடி கெட்டுவிடும் என்று, விடியும் முன்னால் எழுந்து பறித்து, பறித்த பூவை வரப்பில் கொட்டினோம். கூலி மட்டும் கையை விட்டுப் போனது. குழுக் கடனுக்குத் தவணை நின்றுகொண்டிருந்தது.

காயும் அப்படிக் கெட்டிருக்கும். குழுவில் ஓர் அக்கா போனில் கேட்டார்: "ஏனுங் அம்மிணி, எங்க தெருவுக்குக் காய் வண்டியே வர்றதில்ல. உன்ற தோட்டத்துக் காயைக் கொண்டாந்து குடுத்தா என்ன?" அடுத்த நாள் பாஸ் வாங்கிக்கொண்டு, வண்டியில் கட்டிக்கொண்டு போனோம். எங்கள் குழுவின் 12 வீடுகள்தான் முதல் வாடிக்கை. 100 ரூபாய்க்கு ஒரு பை. கத்தரி, வெண்டை, தக்காளி, ரெண்டு கட்டுக் கீரை, கறிவேப்பிலை. அந்த 12 வீடுகள் தங்கள் சொந்தக்காரர்களுக்குச் சொன்னார்கள். ஒரு வீடு மூணு வீட்டைக் கூட்டி வந்தது.

ஊரில் பேச்சு வராமல் இருக்குமா? தோட்டம் வைத்திருக்கிறவர்கள் வீட்டு மருமகள் தெருத்தெருவாகப் பை தூக்கலாமா என்றார்கள். என் மாமியார்தான் பதில் சொன்னார். "நான் மூணு மைல் நடந்து போய் வெண்ணெய் வித்தவ. வித்துப் பொழைக்கறதுல என்ன கேவலம்? கடன் கொடுத்தவனைக் கண்டு ஒளியறதுதான் கேவலம்." அதற்குப் பிறகு என்னிடம் யாரும் கேட்கவில்லை.

வாடிக்கை சேர்த்த விதம்

ஊரடங்கு முடிந்த பிறகும் வீடுகள் எங்களை விடவில்லை. நாங்கள் செய்தவற்றை உங்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலாவது, ஒரு நோட்டு. எந்த வீட்டுக்கு என்ன பிடிக்கும், எங்கே சர்க்கரை நோயாளி இருக்கிறார், யார் வீட்டில் பாகற்காய் கேட்பார்கள் என்று எழுதி வைத்தேன். அடுத்த பையில் அது இருக்கும்.

ரெண்டாவது, நாமே போய்ச் சொல்வது. அங்கன்வாடி, பள்ளிக்கூடம், தையல் கடை, வங்கி என்று பெண்கள் வேலை செய்யும் இடங்களில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய், பத்து நிமிஷம் பேசி, ஒரு கட்டுக் கீரை சும்மா கொடுத்துவிட்டு வந்தோம். சமைத்துப் பார்த்தவர்கள் போன் செய்தார்கள்.

மூணாவது, தோட்டத்துக்கு அழைப்பது. தைப்பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வாடிக்கை வீட்டாரைக் கூப்பிட்டோம். குழந்தைகள் அவரை பறித்தார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அரிசிம்பருப்புச் சாதம் போட்டோம். செடியைப் பார்த்தவர்கள், மழையில் ஒரு வாரம் காய் குறைந்தாலும் கோபித்துக்கொள்வதில்லை.

நாலாவது, இல்லாததை இல்லை என்று சொல்வது. மண்டியில் வாங்கி நம் காய் என்று கொடுத்தால் ஒருநாள் தெரிந்துவிடும். எங்களிடம் இல்லாத காயை, குழுவில் விளைவிக்கும் இன்னொருவரிடம் வாங்கி, அவர் பேரைச் சொல்லியே கொடுக்கிறோம். இப்போது நாலு பேர் தோட்டத்துக் காய் ஒரே பையில் போகிறது.

இதனால் நாங்கள் பணக்காரர் ஆகிவிடவில்லை. பூவை இன்னும் மார்க்கெட்டுக்குத்தான் போடுகிறோம். அங்கே விலை விழுந்தால் நாங்களும் விழுவோம். ஆனால் குழுத் தவணைக்குரிய பணம் காயிலிருந்து மாதாமாதம் வந்துவிடுகிறது. தவணை நாளுக்கு முந்தின ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

இனி நாம் செய்ய வேண்டியது

ஒரு விஷயம் மட்டும் மனதில் உறுத்துகிறது. உழவர் சந்தை அட்டைக்கு நிலக் கணக்கு வேண்டும். விதைப்பது, களை எடுப்பது, பறிப்பது, விற்பது எல்லாம் நாம். சிட்டாவில் பேர் யாருக்கு இருக்கிறது? குடும்பச் சொத்தில் பெண் பிள்ளைக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. தருமபுரியில் குழுக்கள் தொடங்கிய அதே வருடம். 2005-ல் நாடு முழுவதும் வந்தது. குழுவில் சேர்ந்து கையெழுத்துப் போடப் பழகிவிட்டோம். நிலப் பத்திரத்தில் நம் கையெழுத்து வர எத்தனை வருடம் ஆகும்? என் வீட்டில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறேன். சண்டையாக இல்லாமல், நோட்டைக் காட்டிப் பேசுகிறேன். இந்த மாதம் இவ்வளவு வந்தது, இது நான் கொண்டுவந்த வாடிக்கை என்று கணக்கு சொல்லும்போது, என் வீட்டுக்காரர் காது கொடுத்துக் கேட்கிறார்.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, நம் எல்லாக் குழுக்களிலும் யார் வீட்டில் என்ன விளைகிறது, யார் வீட்டுக்கு வாரம் என்ன காய் வேண்டும் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். நமக்கு நாமே முதல் வாடிக்கை ஆகலாம். ரெண்டு, மகளிர் திட்டம் கல்லூரிகளில் நடத்தும் கல்லூரிச் சந்தைக்கு ஊறுகாய், பொடியோடு நம் தோட்டத்துக் காயையும் கீரையையும் கொண்டு போக வேண்டும். இன்று நம்மிடம் வாங்கும் கல்லூரிப் பிள்ளை நாளைக்கு ஒரு குடும்பத்தை நடத்தப்போகிறவள். மூன்று, உழவர் சந்தை அட்டை வாங்க விரும்பும் உறுப்பினர்களுக்குக் காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுக்க, கூட்டமைப்பில் ரெண்டு பேரைப் பொறுப்பாகப் போட வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு என் நோட்டைக் கொண்டு வருகிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் உங்கள் நோட்டையும் கொண்டு வாருங்கள். புதுசாக ஆரம்பிக்கிறவர்கள் ஒரு வெள்ளைத் தாளாவது கொண்டு வாருங்கள், உட்கார்ந்து முதல் பத்து வீட்டின் பேரை எழுதிவிடலாம்.