ஒல்லாந்தரின் சைக்கிள் பாதை சும்மா வந்ததல்ல

நெதர்லாந்தில் வயோதிபர்கள்கூட மின்சார சைக்கிளில் நிம்மதியாகப் போவதைக் காணொளிகளில் பார்த்து வியக்கிறோம். காரும் லொறியும் நுழையாத தனிப் பாதை அது. ஆனால் அங்கும் நிலைமை எப்போதும் இப்படி இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்கள் பெருகின. வீதிகளை அகலிக்கப் பழைய சைக்கிள் பாதைகள் பல அழிக்கப்பட்டன. 1971இல் மட்டும் 400க்கும் அதிகமான பிள்ளைகள் வீதி விபத்துகளில் உயிரிழந்தார்கள். தன் மகளை அப்படிப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹொஃப் என்ற பத்திரிகையாளர், "பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்" என்ற தலைப்பில் 1972இல் எழுதினார். அதே பெயரில் பெற்றோர் வீதிக்கு இறங்கினார்கள்.

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அரசு சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தது; வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிள் ஓட்டினார்கள். அதன் பிறகுதான் ஹேக், தில்பர்க் நகரங்களில் அரசுப் பணத்தில் தனிப் பாதைகள் பரீட்சார்த்தமாக அமைந்தன.

இன்றைய மின்சார சைக்கிளுக்கு மோட்டார் மணிக்கு 25 கிலோமீற்றர் வரை கைகொடுக்கிறது. அந்த வேகத்தில் போகிறவர்கள், இந்தப் பாதை முதலில் பிள்ளைகளின் உயிருக்காகக் கேட்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது.

நாம் நம் மாணவர்களிடம் "ஓரமாகப் போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம். அந்தப் பெற்றோர், போவதற்கு ஓர் ஓரத்தை அரசிடம் கேட்டு வாங்கினார்கள்.