கனத்த இசைக்குள் மெல்லிய பாடல்கள்

ஹெவி மெட்டல் இசையில் மென்மையான பாடல்கள் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல, தொடக்கத்திலேயே இருந்தவை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1968இல் உருவான பிளாக் சபாத் குழு, 1970இல் ‘பாரனாய்டு’ இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதிரவைக்கும் தலைப்புப் பாடலுக்கும் ‘அயர்ன் மேன்’ பாடலுக்கும் நடுவில் ‘பிளானட் காரவன்’ வருகிறது. பாடகர் ஓசி ஆஸ்போர்னின் குரலை லெஸ்லி ஒலிபெருக்கி வழியே செலுத்திப் பதிவுசெய்தார்கள். ஹாமண்ட் ஆர்கனோடு சேர்த்துப் பயன்படுத்தப்பட்ட அந்த மரப்பெட்டிக்குள் ஒலியை வெளிவிடும் பகுதி சுழன்றுகொண்டே இருக்கும். அதனால்தான் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் அலையாடுகிறது. தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்த கிதார் கலைஞர் டோனி அயோமி, இதில் புல்லாங்குழலும் வாசித்தார். இடியோசைக்குப் பெயர்பெற்ற கைகளிலிருந்து இப்படியொரு நிதானம் பிறந்தது இன்றும் வியப்புக்குரியது.

1972இல் அதே குழு இன்னும் துணிந்தது. ‘சேஞ்சஸ்’ பாடலில் கிதாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. பியானோவும் மெல்லோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியும் மட்டுமே.

பின்வந்தவர்கள் இந்த வழியை அகலமாக்கினார்கள். மெட்டாலிகாவின் ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ (1991) பாடலுக்கு மைக்கேல் கேமன் வாத்தியக் குழு இசை அமைத்தார். 1994இல் ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் ‘ஜார் ஆஃப் ஃபிளைஸ்’ என்ற மெல்லிசைக் குறுந்தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஸ்வீடனின் ஓபெத் குழு 2003இல் உறுமல் குரலை அறவே விலக்கி, ‘டாம்னேஷன்’ தொகுப்பு முழுவதையும் மென்மையாகவே அமைத்தது.