செட்டில்மென்ட் - ஒரு வார்த்தை, நாலு கதை

வானூர் பக்கம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டி, "எல்லாத்தையும் செட்டில்மென்ட் பண்ணிட்டேன்பா"ன்னாங்க. பிரச்சினையெல்லாம் தீர்ந்துதுன்னு அவங்க நினைப்பு. பத்திரம் சொன்னது வேற. அதுல ஆரம்பிச்ச தேடல்தான் இது.

இந்த ஒரு வார்த்தை எங்க பக்கம் எத்தனை வேஷம் கட்டியிருக்கு பாருங்க!

முதல் வேஷம் நிலவரி. 1820ல் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ ரயத்துவாரி முறையைப் பரப்பினார். பிற்காலத்துல நிலத்தை அளந்து, மண்ணைத் தரம் பிரிச்சு, இவ்வளவு வரின்னு முடிவு கட்டினதுக்குப் பேரு செட்டில்மென்ட். நாம அந்த வரியை 'தீர்வை'ன்னோம். அதுக்குள்ளயும் 'தீர்' இருக்கு!

ரெண்டாவது, குடியேற்றம். எங்க எல்லையைத் தாண்டினா புதுச்சேரி. பிரெஞ்சுக்காரங்க வச்சிருந்த ஊர்களை இங்கிலீஷ்காரன் 'பிரெஞ்சு செட்டில்மென்ட்'னு எழுதினான். 1954 நவம்பர் 1ல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சட்டப்படி மாறினது 1962 ஆகஸ்ட் 16ல்.

மூணாவது கொடுமை. 1871ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்கு அப்புறம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிறந்த சாதிக்காகவே மக்களைக் குடும்பத்தோட அடைச்சு வச்ச இடங்களுக்கும் செட்டில்மென்ட்னுதான் பேரு. எங்க பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவிலயே அஜீஸ் நகர்ல ஒண்ணு இருந்தது. குடியேற்றம்னு பேரு, வெளியே போக அனுமதி வேணும்! 1952லதான் அந்தச் சட்டம் நாடு முழுக்க ஒழிஞ்சது.

நாலாவது, அத்தை கையில இருந்தது. உயிலை உயிரோட இருக்கிறவரை மாத்தி எழுதலாம். செட்டில்மென்ட் அப்படி இல்லீங்க. பதிவு பண்ணிக் கொடுத்தா சொத்து அப்பவே கைமாறிடும், நினைச்சப்ப திருப்ப முடியாது. 2007ல் வந்த மூத்த குடிமக்கள் சட்டத்தோட 23வது பிரிவு ஒரு வழி வச்சிருக்கு. பராமரிக்கணும்னு நிபந்தனை போட்டுக் கொடுத்து, வாங்கினவர் கவனிக்கலேன்னா, ரத்து பண்ணக் கேட்கலாம்.

அத்தை பத்திரத்துல அப்படி ஒரு வரியைத் தேடினேன். இல்லை.

"படிச்சுப் பார்த்தா கையெழுத்துப் போட்டீங்க?"

"செட்டில்மென்ட்னு சொன்னாங்க, போட்டேன். புள்ள நல்லவன்தான்பா."

நல்லவனாவே இருக்கட்டும். ஆனா உங்க வீட்டுப் பெரியவங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, இந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிடுங்க.