நன்னீரும் கடல்நீரும்: யாழ்ப்பாணத்து நீர்ப்பிரச்சினை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், வடமராட்சி கிழக்கின் தாளையடியிலே, கடல்நீரை நன்னீராக்கும் நிலையமொன்று திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை உற்பத்தி செய்யும் ஆற்றல் உடையது அது. இதனை வரவேற்போரும் ஐயுறுவோரும் பெரும்பாலும் ஒரே கருதுகோளிலிருந்தே தொடங்குகின்றனர்: ஆறற்ற குடாநாட்டுக்கு இயற்கை நீரை மறுத்துவிட்டது, கடலைத் தவிர வேறு கதியில்லை. இக்கருதுகோள் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் வரலாற்று நோக்கில் அது போதியதன்று. நீர் எவ்வளவு உண்டு என்ற வினாவுக்கு, அது யார் கையில் உண்டு என்ற வினாவை விலக்கிவிட்டு விடைகாண முடியாது என்பதே எமது கருத்து.

வடகீழ்ப் பருவக்காற்றின் சில மாதங்களுக்குள் பெய்யும் மழையைச் சுண்ணாம்புக்கற் பாறை உள்வாங்கிக்கொள்கிறது. உவர்நீரின் மேலே மென்படையாக மிதக்கும் அந்நன்னீரே குடாநாட்டு வேளாண்மைக்கும் வீட்டுக்கும் ஆதாரம். துலாவால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே அதற்கு எல்லையிட்டது. துலா மிதிப்பவர் களைத்தால் இறைப்பு நிற்கும். அவ்வேளையிற் கிணறு ஊறும். 1950களிலிருந்து பரவிய நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை அகற்றியது. 1970–77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலையைத் தேடித் தந்தபோது, நிலத்தடி நீர் சந்தையை நோக்கி இறைக்கப்படலாயிற்று. இறைப்பு மிகுந்த இடங்களில் உவர் மேலெழுந்தது. இரசாயன உரமும் மலக்குழிகளும் கிணறுகளில் நைத்திரேற்றைப் பெருக்கின. சுன்னாகத்து அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றயற் கிணறுகளை மாசுபடுத்திய வழக்கில், உயர் நீதிமன்றம் 2019இல் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு பணித்தது.

நீர் இருந்த காலத்திலும் அது எல்லோர்க்கும் இருந்ததில்லை. கிணறு காணியோடு சேர்ந்தது. காணி சாதியோடு சேர்ந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் உயர்சாதியினரின் கிணற்றிலே தம் கையால் அள்ள முடியாது. அள்ளி ஊற்றுவோரின் வரவை எதிர்பார்த்துக் குடத்துடன் காத்திருக்க வேண்டும். கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்று பெயரிட்டமை தற்செயலன்று. "முன்பு நம்மூரில் நீருக்குக் குறைவில்லை" என்று ஏக்கத்துடன் நினைவுகூருவோர், அந்த 'நம்'முள் யாவர் அடங்குவர் என்பதையும் கூறுதல் நன்று.

நீரைத் தேக்குவதற்கான திட்டங்கள் இல்லாமற் போகவில்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம் இங்கு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பியபின் ஆனையிறவுக் கடனீரேரியில் விழுகிறது. கடல்வாய்களை அடைத்து அவ்வேரியை நன்னீராக்கி, முள்ளியானில் வெட்டப்படும் இணைவாய்க்கால் வழியாக வடமராட்சி ஏரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் நீரைக் கொண்டுசெல்வதே அவரது எண்ணம். ஏரிகள் நன்னீரானால் அயலிலுள்ள கிணறுகளும் படிப்படியாக உவர் நீங்கும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன; ஆனால் திட்டத்தின் உயிர்நாடியான முள்ளியான் வாய்க்கால் 1960களில் நிதியின்றி இடைநடுவே நின்றது. போர்க்காலத்தில் ஆனையிறவே போர்முனையாயிற்று. மாரியில் மிகுதி வெள்ளம் சுண்டிக்குளத்தினூடாகக் கடலையே சேர்ந்துகொண்டிருந்தது.

போர் முடிந்தபின், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுடன் 2010இன் இறுதியில் உருப்பெற்ற யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர்வழங்கற் திட்டம் இரணைமடுக் குளத்தையே ஆதாரமாகக் கொண்டிருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். அவ்வச்சத்தைக் குறுகிய பிரதேச மனப்பான்மை என்று யாழ்ப்பாணத்திற் சிலர் இகழ்ந்தமை நியாயமன்று. சிறுபோகத்தில் வயல்களின் ஒரு பகுதிக்கே நீர் கிடைக்கும் குளம் அது. குடிநீர்க் குழாய் ஒருமுறை பதிக்கப்பட்டால், வரட்சியாண்டில் விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. எனினும் இவ்விவாதத்தில் ஒலித்த குரல் பெரும்பாலும் வயலுடையோரின் குரலே. 1977இன் பின் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, குளத்தின் கீழ்க் காணியின்றிக் கூலிவேலை செய்தோரை இரு தரப்பினரும் அதிகம் நினைக்கவில்லை. இரு மாவட்டத்து உழைப்பாளரும் கூடிப் பேசித் தீர்க்கவேண்டிய பங்கீட்டுப் பிரச்சினை, பேசப்படாமலே கடலுக்குத் தள்ளப்பட்டது. தாளையடி நிலையம் இவ்விணக்கமின்மையின் விளைவாகும். கடல் எவருடைய குளமும் அன்று. ஆதலால் அதனிடம் எவரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று கருதப்பட்டது போலும்.

இத்தொழில்நுட்பத்தின் பிறப்பையும் சிறிது நோக்குவோம். 1872இல் சிலியின் அற்றகாமாப் பாலைவனத்திலே, லாஸ் சலினாஸ் என்னுமிடத்தில், சூரிய வெப்பத்தால் உவர்நீரைக் காய்ச்சி வடிக்கும் நிலையம் அமைந்தது. வெடியுப்புச் சுரங்கத் தொழிலுக்காக எழுந்த ஏற்பாடு அது. மூலதனம் பாலைக்குள் நுழைந்தபோது நீரும் உடன் உற்பத்தி செய்யப்படவேண்டியதாயிற்று. இன்றைய முறையான எதிர்ப் பிரசாரணத்துக்கு வழிகோலிய மென்சவ்வை லோப், சௌரிராஜன் என்போர் 1960ஆம் ஆண்டை அண்டிக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆக்கினர். அன்று இத்துறை ஆராய்ச்சியைப் பொதுப்பணம் பெரிதும் தாங்கியது. இன்று சவ்வும் அமுக்கப் பம்பிகளும் உலகச் சந்தையில் அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கும் பண்டங்கள்.

கடல்நீரை வளிமண்டல அமுக்கத்தின் ஐம்பது, அறுபது மடங்கு அமுக்கத்தில் சவ்வினூடே செலுத்த வேண்டும். கனமீற்றர் ஒன்றுக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். இவ்வீதப்படி, முழு அளவில் இயங்கினால், தாளையடிக்கு நாளொன்றுக்கு 72,000 முதல் 96,000 அலகு வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாடு இது. எண்ணெயும் நிலக்கரியும் இறக்குமதியாகும்வரை, குடிநீரின் விலையும் அவற்றின் விலையோடு பிணைந்தே நிற்கும். கிணற்றை இழந்த ஏழைக்கு, கிணறு இலவசமாகத் தந்ததை மாதப் பட்டியலாகச் செலுத்தும் நிலை உருவாகிறது. இதனால் இம்முறையே வேண்டாம் என்பது எமது வாதமன்று. நெடுந்தீவு போன்ற, கிணறுகள் பலவும் உவர்த்த தீவுகளுக்கு அது வரப்பிரசாதமே.

எஞ்சுவது உவர்க்கழிவு. உலகெங்குமுள்ள ஏறத்தாழ 16,000 நிலையங்கள் நாளொன்றுக்கு 9.5 கோடி கனமீற்றர் நன்னீரைத் தர, 14.2 கோடி கனமீற்றர் உவர்க்கழிவை விடுகின்றன என்று ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வாளர் 2019இல் கணித்தனர். உள்ளெடுத்த கடல்நீரில் ஐந்தில் இரு பங்கே நன்னீராவதாகக் கொண்டால், 24,000 கனமீற்றருக்கு எதிரே 36,000 கனமீற்றர் கழிவு நிற்கும். கடலினும் உப்புச் செறிந்த, ஆதலாற் பாரங்கூடிய அந்நீர், நன்கு கலக்கப்படாவிடின் அடித்தளத்தை ஒட்டித் தேங்கும். மீன்முட்டையும் குஞ்சும் அங்கேயே உள்ளன. வடமராட்சி கிழக்கின் மீனவர் இத்திட்டத்தை எதிர்த்தபோது எழுப்பிய அச்சம் இதுவே. கரைவலைச் சம்மாட்டி பாடு குறைந்தால் வேறு கரைக்கு மாறக்கூடும். கயிறிழுத்து, விழும் மீனில் பங்கு பெறுபவனுக்கு அவ்வசதி இல்லை. 2004இல் ஆழிப்பேரலையும், பின்னர் போரின் இடப்பெயர்வும் கண்ட கரை அது. வெளியேற்றுக் குழாயின் அருகே உப்பின் அளவு மாதந்தோறும் அளக்கப்படுமா, அளந்தது தமிழில் அக்கரையிலேயே ஒட்டப்படுமா என்பனவே அவர்கள் கேட்கவேண்டிய, நாமும் அவர்களோடு நின்று கேட்கவேண்டிய கேள்விகள்.