தாக்கத்தியும் கூலிநெல்லும்

அறுவடைக்கு இயந்திரம் வரும்போது கருவி பிடித்த ஆள் நிலைப்பதும் உண்டு, நீங்குவதும் உண்டு. பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள, கி.மு. 520 அளவிலான ஏதென்ஸ் சாடியொன்றில் ஆடவர் நீண்ட கோல்களால் ஒலிவக் கிளைகளை அடிக்கின்றனர், ஒருவன் மரத்திலேறியுள்ளான். இன்று அக்கோலின் நுனியில் மின்கலத்தால் இயங்கும் சீப்பு கிளையை உலுப்புகின்றது. கோலைப் பிடித்தவன் மரத்தடியிலேயே நிற்கின்றான்.

கிட்டங்கிக்கு மேற்கே, சொறிக்கல்முனை வட்டைகளில் நிகழ்ந்தது வேறு. அங்கு வேளாண்மை வெட்டிய கருவி தாக்கத்தி. வெட்டிய கதிரை உப்பட்டியாக வைத்துக் காயவிட்டு, களவெட்டியிற் சூடாகக் குவித்து, மாடுகளைக்கொண்டு மிதிப்பித்தனர். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பகுதியில் நெற்செய்கையைப் பெருக்கிற்று. உழவு இயந்திரம் பின்னர் மாட்டின் இடத்தைக் கொண்டபோதும் வெட்டும் கை மாறவில்லை. வெட்டையும் சூடடிப்பையும் ஒருங்கே முடிக்கும் பெரிய இயந்திரமே அக்கையை அகற்றியது.

அவ்வியந்திரம் புகுந்த வயலுக்குக் களவெட்டி வேண்டியதில்லை. பொலிப்பாட்டிற்கும் அங்கு இடமில்லை. நாட்டார் பாடல் ஆய்வாளர் பெரிதும் வருந்துவது இதற்கே. எனக்கு முதன்மையாகப் படுவது கூலிநெல்: வெட்டியோரும், அவர்களுக்குப் பின்னே கதிர் பொறுக்கிய பெண்களும் மாலையில் வீட்டிற்குச் சுமந்து சென்ற நெல்.